நிலவேம்பு நெக்ரோனி

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க வீட்டம்மா உள்ள மரகதத்தோட பேசிட்டு இருக்கட்டும். நமக்கு இங்க வேலை இருக்குதுங்க.

பேரு என்னன்னு சொன்னீங்க? சிவகுருங்களா. டவுன்ஹால் பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை. சரிங்க. என்ற பேரு செங்கோட்டுவேலு. மில்லுல தரக்கட்டுப்பாடு பாத்து ரிட்டயர் ஆனவன். நூலைக் கையில தொட்டாப் போதும், எத்தனாம் நம்பர்னு சொல்லிருவேன். அந்தக் கைதானுங்க இப்ப இதுல வேலை செய்யுது.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். நான் குடிக்கறவன் இல்லீங்க. அல்சர். டாக்டர் ஒரு சொட்டு ஆகாதுன்னுட்டாரு. நாக்குல தொட்டுக்கூடப் பாக்கறதில்லை. அப்பறம் எப்படிச் செய்யறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கலை, பரவால்லீங்க. அளவு சரியா இருந்தா ருசி தானா வந்துதானே ஆகணும்? நூல் நூக்கறவன் நூலைத் தின்னா பாக்கறான்?

அப்பறம், குடி வேற, இது வேற. கடையில வரிசையில நின்னு, பாட்டல வாங்கி, தண்ணி பாக்கெட்டப் பல்லால கடிச்சு பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி, மூஞ்சியச் சுளிச்சுட்டு ஒரே மடக்குல உள்ள தள்றாங்களே, அது குடிங்க. இது காக்டெய்ல். இதுக்கு மொறை இருக்குது. பழச்சாறு சேந்துதுன்னா டப்பாவுல போட்டுக் குலுக்கணும். வெறும் சரக்கு மட்டும்னா நீளக் கரண்டியால மெதுவாக் கலக்கணும். குலுக்க வேண்டியதக் கலக்கினாலோ, கலக்க வேண்டியதக் குலுக்கினாலோ மரியாதை போயிரும். உங்களைப் பாத்தாக் கடையில குடிச்சுப் பழகுன ஆளு மாதிரித் தெரியுது. தப்பா நெனைக்காதீங்க. இங்க வர்ற எல்லாருமே அப்படித்தான் வர்றாங்க.

எனக்கு இது எப்படி வந்துச்சுன்னா, மில்லுல வேலை பாக்கறப்ப புது மெஷின் மாட்ட ஒரு இத்தாலிக்காரரு வந்தாருங்க. பாவ்லோன்னு பேரு. மெஷின் ஓட மாட்டேங்குது, மனுசனுக்கு இட்லியும் எறங்க மாட்டேங்குது. ஒரு நாள் பொழுதோட கெஸ்ட் ஹவுஸுக்கு என்னையக் கூப்பிட்டாரு. பெட்டியில இருந்து மூணு பாட்டல் எடுத்தாரு. ஜின் ஒண்ணு, வெர்மூத்துன்னு மூலிகை போட்ட ஒயின் ஒண்ணு, செவச்செவன்னு ஒரு கசப்புச் சரக்கு ஒண்ணு. மூணையும் சம அளவு ஊத்திக் கலக்கி, ஆரஞ்சுத் தோலைச் சீவி மேல போட்டு நீட்டுனாரு. நெக்ரோனின்னாரு. அப்ப எனக்கு அல்சர் இல்லீங்க. ஒரு வாய் குடிச்சேன். கசப்புத்தான். ஆனா நல்ல கசப்பு. நிமுந்து பாத்தா அந்தாளு என்ற மொகத்தையே பாத்துட்டு நிக்கறாரு. புடிச்சுதா புடிச்சுதான்னு கண்ணாலயே கேக்கறாரு. நான் தலையாட்டுனதும் மெஷின் ஓடாததையெல்லாம் மறந்துட்டு அப்படிச் சிரிச்சாருங்க. மில்லுல நான் சொன்னதெல்லாம் அது நொட்டை, இது நொள்ளை. என்னையப் பாத்து யாரு சிரிப்பாங்க? அன்னைக்கே நெனச்சேன், இந்த மாதிரி ஒருத்தன் மொகத்தப் பாத்துட்டு நாமளும் நிக்கணும்னு.

ரிட்டயர் ஆனதும் குலுக்கற டப்பா, அளக்கற கிண்ணம், வடிகட்டின்னு எல்லாம் தருவிச்சேன். வீடியோவாப் பாத்துத் தள்ளுனேன். மரகதம் மூணு நாளு பேசலை. நாலாம் நாளு, "நீங்க குடிக்க மாட்டீங்கல்ல?"ன்னு மட்டும் கேட்டா. மாட்டேன்னேன். "அப்ப என்னமோ பண்ணுங்க"ன்னுட்டா.

சாமான்தானுங்க கஷ்டம். அந்த வெர்மூத்து இங்க எங்க கெடைக்குது? யோசிச்சேன். மூலிகை போட்ட ஒயின்தானே? சாதா ஒயின் வாங்கிச் சுக்கு, அதிமதுரம், கருஞ்சீரகம் போட்டு ஊற வெச்சேன். செவப்புக் கசப்புக்கு நிலவேம்புக் கஷாயம், செவப்புக்குப் பீட்ரூட்டு. பிட்டர்ஸுன்னு ஒரு கசப்புச் சாறு சொட்டுச் சொட்டா விடணும். அதுக்கு ரம்முல வேப்பம்பட்டையும் சிறியாநங்கையும் ஒரு மண்டலம் ஊறுச்சு. வெளிநாட்டுக்காரன் சொட்டு விடறான்னா அவனுக்கு அது வெல அதிகம். நமக்கு வேப்பமரம் வாசல்லயே நிக்குது. நான் கரண்டிக் கணக்குல விடுவேன்.

எல்லாந் தயார். குடிச்சுப் பாத்துச் சொல்ல ஆளு வேணுமே?

மேல் வீட்டுல பாண்டியராஜ்னு ஒருத்தரு குடியிருக்காரு. விருதுநகர்ப் பக்கம். மருந்து கம்பெனியில விக்கற வேலை. தங்கமான மனுசன், ஆனா பொழுது சாஞ்சாக் கடை. அவரு சம்சாரம் செல்வராணி, பாவம் அந்தப் புள்ளை, மாடிப்படியில உக்காந்து கேட்டையே பாத்துட்டு இருக்கும். ஒரு நாள் அவரு வண்டியோட வந்து நம்ம கேட்டுலயே முட்டிக் கீழ விழுந்தாரு. காலையில கூப்பிட்டேன். வெளுத்துப் போய் வந்து நின்னாரு.

"சார், இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க சார். பிள்ளைக படிக்கிற நேரத்துல வீடு மாத்த முடியாது."

"காலி பண்ணச் சொல்லலீங்க. சனிக்கிழமை சாயங்காலம் கீழ வாங்க. நானே ஊத்தித் தர்றேன்."

மனுசன் மெரண்டுட்டாரு. "சார், எம் பிள்ளைக மேல சத்தியமா இனிமே குடிக்க மாட்டேன் சார்."

"குடிக்கணும். மொறையாக் குடிக்கணும். ஆனா நடுவுல கடைப்பக்கம் போகக் கூடாது. போனா நாக்கு கெட்டுரும். என்ற சரக்க மதிப்புப் போடற நாக்கு சுத்தமா இருக்கணும்."

சரின்னுட்டாரு. வேற வழி? வீட்டுக்காரன் நானு.

மொத வாரம் விஸ்கி சவருங்க. விஸ்கி, எலுமிச்சை, சக்கரை, அதுல பச்சை முட்டையோட வெள்ளைக்கரு. மேல நொரை நிக்கறதுக்கு. நான் நாட்டுக்கோழி முட்டையாப் பாத்து ரெண்டு விட்டேன். குலுக்கு குலுக்குன்னு குலுக்கிக் குடுத்தேன். குடிச்சாரு. அப்படியே கண்ணுல தண்ணி கோத்துருச்சுங்க அவருக்கு.

"எப்படிங்க இருக்குது?"

வாயத் தொடச்சாரு, மறுபடியும் தொடச்சாரு. அப்பறம் சொன்னாரு: "சார்... நானும் பதினஞ்சு வருசமாக் குடிக்கிறேன். இப்படி ஒண்ணை வாயில வச்சதே இல்லை சார்."

பாத்தீங்களா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலீங்க. பாவ்லோ எதுக்குச் சிரிச்சாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அடுத்த வாரம் நெக்ரோனி. அதுக்கடுத்து மார்ட்டினி. ஜின்னுல ஆலிவ்னு ஒரு காயி ஊறுன உப்புத்தண்ணி விடணும். ஆலிவ் கெடைக்கலை, மாவடு இருந்துச்சு. அந்தத் தண்ணியும் ஒரு மாவடுவும். பாண்டியராஜ் ஒவ்வொரு வாரமும் டம்ளரக் கையில வாங்கி, கண்ண மூடி, சாமி கும்பிட்டுட்டுத்தான் குடிப்பாருங்க. அவ்வளவு பக்தி.

அப்பறம் ஒரு சனிக்கிழமை ஆளக் காணோம். நானே மேல போனேன். கையெடுத்துக் கும்பிட்டாரு.

"சார், வேற எதுன்னாலும் சொல்லுங்க. தண்ணித் தொட்டி கழுவட்டா? வேணும்னா வாடகையக் கூட ஏத்திக்கங்க."

"மறுபடி கடைக்குப் போறீங்களா?"

"கடையா? அந்தப் பக்கம் பஸ்ஸுல போனாலே குமட்டுது சார். வாடையே ஆக மாட்டேங்குது."

அதுல எனக்குப் பெருமைதானுங்க. நல்லது பழகுன நாக்கு மட்டமானத ஏத்துக்காது. ஆனா நம்ம சரக்கையும் வேண்டாங்கறாரே, அதுதான் புரியல. அன்னைக்கே செல்வராணி தாம்பாளத்துல பழம், பூவு, வெத்தலபாக்கு வெச்சுட்டு வந்துச்சு. கால்ல விழுந்துருச்சுங்க. "அங்கிள், எங்க குடும்பத்தையே மீட்டுக் குடுத்துட்டீங்க"ன்னு ஒரே அழுகை. நான் பதறிப் போயிட்டேன். ஒரு விஸ்கி சவருக்கு இத்தனை மரியாதை இத்தாலியில கூட இருக்காதுங்க. "மார்ட்டினியும் நல்லா வந்துதும்மா"ன்னேன். "எல்லாமே நல்லா வந்துது அங்கிள்"னு அந்தப் புள்ளை மூக்க உறிஞ்சிட்டே சொல்லுச்சு.

அதுக்கப்பறந்தானுங்க கூட்டம். நான் யாருகிட்டயும் சொல்லலை, ஆனா பேரு எப்படியோ பரவிருச்சு. பக்கத்து வீதி லேத் பட்டறை தங்கமுத்து வந்தாரு. கூட்டுறவு பேங்க்குல ஒரு கேஷியர் வந்தாரு. சரவணம்பட்டியில இருந்து காரு வெச்சுட்டு ஒருத்தரு வந்தாரு. இதுல அதிசயம் என்னன்னா, எல்லாருமே பொண்டாட்டியோடதான் வர்றாங்க. ஊர்ல புருசன் டம்ளரத் தொட்டாப் பொண்டாட்டி சண்டை. இங்க அவங்களே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கறாங்க. ஒரு அம்மா, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கய்யா, முழுசாக் குடிக்கட்டும்"னு வாசல்ல நின்னு சொல்றாங்க. கலைன்னு ஒண்ணு வந்துட்டாப் பொம்பளைங்க மனசு எவ்வளவு விசாலமாயிருது பாருங்க. யாரு எந்தச் சனிக்கிழமைன்னு மரகதந்தான் போன்ல பேசி முடிவு பண்றா. பாட்டலுக கூட அவதான் ஆள்விட்டு வாங்கியாறச் சொல்றா. மொதல்ல மூணு நாளு பேசாதவ!

ஆனா என்ற மனக்கொறை இதுதானுங்க, சிவகுரு. யாரும் நெலைக்கறதில்லை. நாலு வாரம், அஞ்சு வாரம். அதோட முடிஞ்சுது. ரோட்டுல என்னையப் பாத்தா வண்டியத் திருப்பிட்டுப் போறாங்க. தங்கமுத்து ஒரு நாள் காய்கறிக் கடையில மாட்டிக்கிட்டாரு. "ஏனுங்க வர்றதில்லை? டாக்குரின்னு புதுசா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன், ரம்மும் எலுமிச்சையும்"னேன். மனுசன் வாயப் பொத்திட்டு ஓடுனாரு. கையில இருந்த தக்காளியெல்லாம் கீழ. நம்மூர்க்காரங்களுக்கு ரசனை இருக்குதுங்க. நெலையா நிக்கறதில்லை, அதுதான்.

ஒரே ஒருத்தரு இருந்தாருங்க. ஆறுச்சாமின்னு. வெல்ல மண்டி வெச்சிருக்கறவரு. அவங்கப்பா நாட்டு வைத்தியரு. மொத நாளு நெக்ரோனி குடுத்தேன். எல்லாரும் ஒரு வாய்க்கே மொகத்தை ஒரு மாதிரி வெப்பாங்க. இவரு உள்ள எறக்கிட்டு உதட்ட நாக்கால தொடச்சாரு. அப்பறம் கேட்டாரு:

"ஏனுங்க, இதுல நெலவேம்பு இருக்குதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "ஆமாங்க!"

"சிறியாநங்கை?"

"இருக்குதுங்க!"

"அருமைங்க. இந்தக் கசப்பு நெஞ்சுக்குள்ள போய்ப் பேசுதுங்க. இன்னொரு டம்ளர் கெடைக்குமா?"

அத்தனை பேருக்கு ஊத்தியிருக்கறேன், இன்னொரு டம்ளர்னு கேட்ட மனுசன் அவரு ஒருத்தருதாங்க. வாராவாரம் வந்தாரு. பொழுது போறதே தெரியாது. அவரு குடிப்பாரு, நான் அவரு மொகத்தப் பாத்துட்டு இருப்பேன். வசம்பு ஒரு துண்டு சேத்தா என்னன்னு கூட அவருதான் யோசனை சொன்னாரு. சேத்தேன்.

அவரு சம்சாரம் ருக்மணி ஒரு நாள் விடுவிடுன்னு வந்துச்சு. நான் இங்க உக்காந்திருக்கறேன். என்னையப் பாக்கக்கூட இல்லை, நேரா மரகதத்துகிட்டப் போச்சு.

"ஏனக்கா, அத்தனை பேரு வீட்டுலயும் நின்னு போச்சு. எங்கூட்டுக்காரரு மட்டும் எப்படா சனிக்கிழமை வரும்னு கெடக்கறாரு. கடையில குடிச்சது பத்தாதுன்னு இப்ப வீட்டுலயும் வேப்பம்பட்டை ஊறப் போட்டுக் குடிக்கறாருக்கா. உங்கூட்டுக்காரரு ஒழுங்காத்தான் கலந்து குடுக்கறாரா?"

ஒழுங்கானு கேட்டுட்டாங்க! தரக்கட்டுப்பாட்டுல இருந்தவனப் பாத்து! நான் எந்திரிச்சேன். மரகதம் கைய நீட்டி உக்காருங்கன்னா. "இனி அவரு வர வேண்டாம் ருக்மணி. அவருக்கு வேற எடம் பாக்கலாம், டாக்டர் ஒருத்தரு இருக்காரு, நான் கூட வர்றேன்"னு சொல்லி அனுப்பிட்டா. டாக்டருக்கும் நெக்ரோனிக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணாலம் ஆகி இத்தனை வருசத்துல அன்னைக்கு மாதிரி நான் சத்தம் போட்டதில்லை.

"இத்தனை பேருல ஒருத்தனுக்குத்தான் புடிச்சுது. அவனையும் வெரட்டி உடறயா நீ?"

"புடிச்சவங்களுக்கு ஊத்திக் குடுக்க ஊரு பூராக் கடை இருக்குதுங்க. புடிக்காதவங்களுக்கு நீங்க ஊத்திக் குடுங்க. அதுக்கு உங்களை விட்டா இந்த ஊர்ல ஆளில்லை."

நியாயமாத்தான் பட்டுச்சு எனக்கு. ரசனை இருக்கறவனுக்கு எதுக்குக் கத்துக் குடுக்கறது, இல்லாதவனுக்குத்தானே குடுக்கணும்? இருந்தாலும் ஆறுச்சாமிய விட மனசு வரலை. "நீ என்னைக்காவது என்ற கைவேலைய ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லியிருக்கறயா?"ன்னு கேட்டேன்.

அப்படியே உக்காந்துட்டா. அவளுக்குக் குமரேசன்னு ஒரு தம்பி இருந்தான். குடிச்சுக் குடிச்சே போனவன். நாப்பது வயசு கூட ஆகலை. அவன் பேரை அவ எடுத்தே பல வருசமாச்சு. அன்னைக்கு எடுத்தா.

"எந்தம்பிக்கு நீங்க ஒரு டம்ளர் கலந்து குடுத்திருக்கலாமேங்க. அப்பவே இதை ஆரம்பிச்சிருக்கலாமே. உங்க முன்னால ஒரே ஒரு மாசம் அவனை உக்கார வெச்சிருந்தா, இன்னைக்கு உசுரோட இருந்திருப்பானே"ன்னு சொல்லி அழுதா பாருங்க. என்ற சரக்கு மேல அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்திருக்குது, நான் இத்தனை நாளா ஒரு முட்டாளு மாதிரி கண்டுக்கவே இல்லை. பக்கத்துல போய் உக்காந்தேன். ரெண்டு பேரும் வெளக்குக் கூடப் போடாம அப்படியே இருந்தோம். ஆறுச்சாமியப் பத்தி அப்பறம் நான் கேக்கலை. ஒரு நாளு வாசல் கேட் வரைக்கும் வந்தாரு. மரகதம் வெளியவே வெச்சுக் காப்பி குடுத்து அனுப்பிட்டா. சன்னல்ல என்னையப் பாத்துக் கையாட்டுனாரு. நானும் ஆட்டுனேன். வேறென்ன பண்றது?

போன மாசம் மகளிர் குழு ஆண்டு விழாவுல எனக்குப் பொன்னாடை போத்துனாங்க, சொன்னாங்களா? சமூக சேவைச் செம்மல்னு ஒரு பட்டம். நூறு பொம்பளைங்களுக்கு மேல இருக்கும். மைக்கக் குடுத்தாங்க. நான் எதைக் குலுக்கணும், எதைக் கலக்கணும்னு வெவரமாப் பேசுனேன். ஒரு சத்தமில்லை, அப்படிக் கேட்டாங்க. கடைசியா, பெங்களூர்ல இருக்கற மககிட்டச் சொல்லி அசல் வெர்மூத்து, அசல் பிட்டர்ஸ் எல்லாம் தருவிக்கப் போறேன்னு சொன்னேன். அம்புட்டுத்தான், மண்டபமே எந்திரிச்சு நின்னுருச்சுங்க! "வேண்டாங்கய்யா! இருக்கறதே போதுங்கய்யா! அந்தக் கைப்பக்குவத்த மாத்திராதீங்கய்யா!"ன்னு ஒரே கூப்பாடு. செல்வராணி மேடைக்கே ஓடி வந்துருச்சு. நம்ம நாட்டு மூலிகை மேல இந்தக் காலத்துலயும் இப்படியொரு பற்று. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. மாத்தறதில்லைன்னு அங்கயே வாக்குக் குடுத்துட்டேன்.

சரி, பேசிட்டே கலக்கி முடிச்சாச்சு. இந்தாங்க. வாசம் புடிங்க மொதல்ல. ஆங், அந்தப் பச்சை வாசந்தான் வசம்பு. சும்மா தைரியமாக் குடிங்க.

எப்படிங்க?

பேச்சு வரலையா? வராதுங்க. மொத நாளு யாருக்குமே வராது. ஏன் எந்திரிக்கறீங்க? வாளிங்களா? உங்க காலுக்குப் பக்கத்துலயே இருக்குது பாருங்க. சனிக்கிழமையானா மரகதம் எதுக்கோ அங்க ஒண்ணு கொண்டாந்து வெச்சர்றா.

முடிஞ்சுதுங்களா? வாயக் கொப்பளிச்சுட்டு உக்காருங்க. அங்க திரும்பிப் பாருங்க. உங்க வீட்டம்மா வாசல் நெலையில சாஞ்சுட்டு உங்களையே பாத்துட்டு நிக்கறாங்க. கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு உதட்டுக்குள்ள என்னமோ வேண்டிக்கறாங்க. அழுகறாங்களா சிரிக்கறாங்களான்னே தெரியலை. புருசன் குடிக்கறதுக்காக இப்படி வேண்டிக்கற பொண்டாட்டி யாருக்குங்க கெடைப்பா?

அந்தம்மாளுக்காகவாவது இன்னொரு வாய் குடிங்க.